வாழ்ந்து கெட்டவளும் வாழாமலே கெட்டவனும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 'ப்ளூ ஜாஸ்மின்' படத்தைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, எனக்கு ரொம்பப் பிடித்த படம் என்பதால். இரண்டாம் தடவை, அதில் ஒரு வரி பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட மாம்பழ நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்ததால். நியூயார்க்கில் ராணி மாதிரி வாழ்ந்தவள், கடைசியில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்டாக வேலை பார்க்கும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டாளே என்று கட்டுரையாளர் உருகியிருந்தார்.

சார், அந்த 'அளவு' இருக்கிறதே, அங்கேதான் நான் 19 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். திருச்சியில், ஒரு பல் மருத்துவமனையின் ரிசப்ஷன் மேசையில்.

கோபமெல்லாம் இல்லை, சிரிப்புத்தான் வந்தது. ஆனால் சிரித்து முடித்த பிறகு கட்டுரையை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தேன். முழுக்க ஜாஸ்மின். அவள் அழுதது, குடித்தது, தனக்குத் தானே பேசிக்கொண்டது. அவள் தங்கை ஜிஞ்சரின் முதல் கணவன் ஆகீயின் பெயர் ஓரிடத்திலாவது வருகிறதா என்று விரல் வைத்துத் தேடினேன். இல்லை. ஜிஞ்சருக்கு அரை வரி கொடுத்திருந்தீர்கள், அதுவும் 'ஏழைத் தங்கை' என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2013இல் வந்தது, உடி ஆலன் எழுதி இயக்கியது. (அவரைப் பற்றி இருக்கிற சர்ச்சைகளுக்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.) நியூயார்க்கில் பெரும் பணக்காரனான ஹால் என்பவனின் மனைவி ஜாஸ்மின். அவன் ஊரார் பணத்தைச் சுருட்டித்தான் பணக்காரனாக இருந்தான் என்பது வெளியே வந்து, கைதாகி, சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறான். வீடு, நகை, சொத்து எல்லாம் போய், மனமும் பாதி கலைந்துபோன நிலையில் ஜாஸ்மின் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் தங்கை ஜிஞ்சர் வீட்டுக்கு வந்து சேர்கிறாள். கையில் காசில்லை என்று சொல்லிக்கொண்டே விமானத்தில் முதல் வகுப்பில் வருகிறாள். தன் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த லூயி விட்டான் பெட்டிகளோடு வந்து இறங்கி, டாக்சிக்காரருக்குத் தாராளமாக டிப்ஸ் வேறு கொடுக்கிறாள். இந்த ஐந்து நிமிடத்திலேயே அவள் யார் என்பது தெரிந்துவிடும். இரண்டு பேரும் உடன்பிறந்தவர்கள்கூட இல்லை, ஒரே வீட்டில் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவர்கள். ஜாஸ்மினுக்கு வைத்த பெயர் ஜீனெட். அது எடுபடவில்லை என்று தானாக மாற்றிக்கொண்டாள். ஸ்ரீரங்கத்தில் பிறந்த எனக்கு, பூக்காரம்மா முழம் போட்டுக் கொடுக்கிற மல்லியின் பெயரை ஒருத்தி கௌரவத்துக்காக வைத்துக்கொள்கிறாள் என்பதே கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

இந்தப் படம் நம் ஊர்த் தியேட்டருக்கு வரவே இல்லை என்பதை உங்கள் கட்டுரையாளர் சொல்லவில்லை. 2012 அக்டோபரிலிருந்து, படத்தில் யாராவது சிகரெட் பிடித்தால் திரையில் எச்சரிக்கை வரி தெரிய வேண்டும், தொடக்கத்திலும் நடுவிலும் புகையிலைக்கு எதிரான குறும்படம் போட வேண்டும் என்று இங்கே விதி வந்தது. என் படத்துக்குள் அதையெல்லாம் விட மாட்டேன் என்று ஆலன் சொல்லிவிட, 2013 அக்டோபரில் வர வேண்டிய படம் இந்தியாவில் நின்றுபோனது. நாங்கள் எல்லாம் பிறகு பிள்ளைகள் புண்ணியத்தில் வீட்டில்தான் பார்த்தோம். எனக்கு அப்போது ஒரு எண்ணம் வந்தது. சிகரெட்டுக்கு எச்சரிக்கை போடச் சொல்கிறோம், சரி. ஹால் சிரித்த முகத்தோடு ஆகீயிடம் முதலீட்டைப் பற்றிப் பேசுகிற காட்சி ஒன்று வரும், அதற்குக் கீழேயும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

முதலில் என் மேசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஆகீக்கு வருகிறேன்.

படத்தில் ஜாஸ்மின் ஃப்ளிக்கர் என்ற பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்கிறாள். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு ஆள் நேரத்தை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் எதிரே நிற்கிறார், இவள் நோட்டைப் புரட்டிக்கொண்டு திணறுகிறாள். ஜாஸ்மினாக நடித்த கேட் பிளான்செட்டுக்கு அந்தப் படத்துக்காக 2014இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கொடுத்தார்கள். கடைசிக் காட்சிக்குக் கொடுத்தார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், என்னைக் கேட்டால் இந்தக் காட்சிக்கே கொடுக்கலாம். ஏனென்றால் இந்த வேலை சும்மா உட்கார்ந்து போன் எடுப்பது அல்ல. ரூட் கேனால் மூன்று சிட்டிங் என்று சொல்லி அனுப்பினால், முதல் சிட்டிங்கில் வலி நின்றதும் ஆள் மாயமாகிவிடுவார், ஆறு மாதம் கழித்துக் கன்னம் வீங்கி வந்து நின்று, நீங்கள் ஏன் போன் பண்ணி ஞாபகப்படுத்தவில்லை என்பார். நாலு தடவை பண்ணியிருப்பேன். கழன்று விழுந்த கேப்பை டிஷ்யூவில் மடித்துக் கொண்டுவந்து, இதை இப்போதே ஒட்டித் தரணும், பஸ் இருக்கு என்பார் ஒருவர். உள்ளே நாற்காலியில் வாய் திறந்தபடி ஒருவர், வெளியே பயத்தில் அழுகிற குழந்தை, நடுவில் பில். இதையெல்லாம் முதல் வாரத்தில் யாருக்கும் சமாளிக்க வராது. எனக்கும் வரவில்லை. ஜாஸ்மின் பணக்காரியாக இருந்ததால் அவளுக்கு வரவில்லை என்று நினைக்காதீர்கள், பழகாததால் வரவில்லை.

அந்த டாக்டர் அவளிடம் தப்பாக நடந்துகொள்ளப் பார்க்கிறான், அவள் தள்ளிவிட்டு வேலையை விட்டுப் போய்விடுகிறாள். நான் இப்போது வேலை பார்க்கும் இடத்து டாக்டரம்மா தங்கமானவர், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் இருக்கிற பெண்கள் யாரும் அந்தக் காட்சியைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள். நான் ஆச்சரியப்பட்டது அவள் அன்றைக்கே விட்டுவிட்டுப் போனதைப் பார்த்துத்தான். அவளுக்குப் போக ஜிஞ்சரின் வீடு இருந்தது. எனக்குத் தெரிந்த ஒருத்தி, வேறொரு ஊரில், இதே மாதிரி நடந்தும் மூன்று மாத வாடகை பாக்கியைக் கட்டி முடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

நம்மிடம் 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லும்போதே குரல் தணிந்துவிடும். அந்த வீட்டுத் தாத்தா ஊரில் கோயில் தேர் வடம் தொட்டுக் கொடுத்தவர், இப்போது பேரன் சைக்கிள் கடையில் இருக்கிறான் என்று சொல்லும்போது அந்தச் சைக்கிள் கடைக்காரனுக்கே ஒரு தனி மரியாதை வந்துவிடும். பக்கத்தில் இன்னொரு சைக்கிள் கடைக்காரன் இருப்பான், அவன் தாத்தாவும் சைக்கிள் கடைதான், அவனை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே. ஜாஸ்மின் எல்லாம் இழந்து வந்தவள், ஆனாலும் அவள் போட்டிருக்கிற ஷனெல் ஜாக்கெட்டும் நிற்கிற நிலையும் போதும், ஒரு பார்ட்டிக்குப் போன இடத்தில் டுவைட் என்ற பணக்கார அதிகாரி மயங்கிவிடுகிறான். தன் புது வீட்டை அலங்கரிக்கச் சொல்கிறான், கல்யாணம் வரைக்கும் போகிறான். ஜிஞ்சர் அதே பார்ட்டிக்குத்தான் வந்தாள். அவளுக்குக் கிடைத்தவன் கல்யாணமானதை மறைத்த ஒருத்தன்.

சரி, ஆகீ. ஜிஞ்சரின் முதல் கணவன் அவன். கையால் வேலை செய்து பிழைப்பவன். இவர்கள் இருவருக்கும் லாட்டரியில் 2 லட்சம் டாலர் விழுகிறது. ஆகீக்கு அதை வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை, யாரிடமும் கூலிக்கு நிற்க வேண்டாம் என்று. நியூயார்க்குக்கு அக்கா வீட்டைப் பார்க்க வருகிறார்கள். இவர்கள் வந்ததே ஜாஸ்மினுக்குச் சங்கடம், தன் சிநேகிதிகள் முன்னால் இவர்களை எப்படிக் காட்டுவது என்று. ஆனால் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஹாலிடம் கொடுங்கள், அவர் பெருக்கித் தருவார் என்று சொல்வது ஜாஸ்மின்தான். கொடுக்கிறார்கள். போகிறது. கல்யாணமும் போகிறது.

அந்தப் பணத்தை அவள் திட்டம் போட்டுத் திருடவில்லை. பெருந்தன்மையாக நடந்துகொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டே பண்ணினாள். தங்கைக்கு ஒரு விலை உயர்ந்த கைப்பை பரிசு கொடுத்தாள், ஊர் சுற்றிப் பார்க்கக் கார் ஏற்பாடு பண்ணினாள், கூடவே இதையும் பண்ணினாள். அவளுக்கு மூன்றும் ஒன்றுதான்.

ஆகீயாக நடித்தவர் ஆண்ட்ரூ டைஸ் கிளே. மேடையில் பச்சையாகப் பேசிப் பேர் வாங்கிய நகைச்சுவைக்காரர், 1990இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனை அடுத்தடுத்து இரண்டு இரவு நிரப்பியவர். அப்பேர்ப்பட்ட வாயாடி இந்தப் படத்தில் நாலைந்து காட்சிகளில், ஏமாந்த மனுஷனின் அந்த மெதுவான குரலில் பேசுகிறார். ஜிஞ்சராக வந்த சேலி ஹாக்கின்ஸுக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையாவது கிடைத்தது. இவருக்கு ஒன்றும் இல்லை. படத்திலும் இல்லை, படத்துக்கு வெளியிலும் இல்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை.

என் அக்கா வீட்டுக்காரர், நாங்கள் மாமா என்போம், ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவர். 1996இல் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். கையில் வந்தது, அக்காவின் நகையில் கொஞ்சம் விற்றது எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய். துவாக்குடிப் பக்கம் அப்போது பெல் தொழிற்சாலைக்கு உதிரி வேலை செய்து கொடுக்கும் பட்டறைகள் நிறைய. ஒரு லேத் போட்டு உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை என்று மாமா கணக்குப் போட்டார். லேத்துக்கும் கொட்டகைக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் தேவைப்பட்டது. அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் ஃபைனான்ஸ் கம்பெனி. வருடத்துக்கு 24 சதவீத வட்டி. பாங்கில் ஏறக்குறைய அதில் பாதிதான். இரண்டு வருடம் போட்டு எடுத்தால் லேத் வந்துவிடும்.

புதுக் கிளை திறப்பு விழாவுக்கு அக்காவும் மாமாவும் போயிருந்தார்கள், நானும் ஒட்டிக்கொண்டு போனேன். வாசலில் மாவிலை, உள்ளே ஏசி, சுவரை அடைத்துப் பெருமாள் படம், எல்லோருக்கும் ரோஸ் மில்க். சேர்மனின் மனைவிதான் குத்துவிளக்கு ஏற்றினார். அரக்கு நிறத்தில் காஞ்சிபுரம் பட்டு, மூக்கில் இரண்டு பக்கமும் வைரம். லட்ச ரூபாய்க்கு மேல் போட்டவர்களின் மனைவிமாரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் தன் கையால் குங்குமம் வைத்துவிட்டு, ஒரு சின்ன வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொடுத்தார். அக்காவுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. அவ்வளவு பெரிய மனுஷி, என் கன்னத்தைத் தொட்டுப் பேசினாங்கடி என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

1998இல் ஒரு காலை மாமா வட்டி வாங்கப் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. அதற்கு மேல் விவரமாக எழுதத் தேவையில்லை, அந்தக் காலத்து ஆட்கள் உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கே தெரியும்.

மாமா அந்த டெபாசிட் ரசீதை லேமினேட் பண்ணி வைத்திருந்தார். பச்சை பார்டர், நடுவில் தாமரைப் படம், கீழே ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்காக ஒரு கையெழுத்து, அதன் கீழே 'டைரக்டர்' என்று ரப்பர் ஸ்டாம்பு. அது சேர்மனின் மனைவியுடைய கையெழுத்து. அழகான வளைவுள்ள கையெழுத்து. இந்த மாதிரி டெபாசிட் போட்டு ஏமாந்தவர்களுக்காக 1997இல்தான் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்திருந்தது, டான்பிட் சட்டம் என்பார்கள். மாமா விடியற்காலையில் எழுந்து பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு நடையாய் நடந்தார். மஞ்சப்பையில் ரசீது, எலுமிச்சம் சாதம், தண்ணீர் பாட்டில். லேமினேட் பண்ணிய ரசீதை வாங்க மாட்டேன் என்று ஓரிடத்தில் சொல்லிவிட, பிளேடால் ஓரத்தைக் கீறிப் பிளாஸ்டிக்கை உரிக்கப் பார்த்தார், ஸ்டாம்பும் பாதிக் கையெழுத்தும் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தக் கிழிந்த துண்டைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்தச் சட்டமே செல்லுமா செல்லாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2011இல்தான் செல்லும் என்று முடிந்தது. மாமாவுக்குக் கடைசியில் கிடைத்தது போட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சொந்த லேத் போட வேண்டியவர் அடுத்தவர் லேத்தில் கூலிக்கு நின்றே காலத்தை முடித்தார். 2016இல் தவறிவிட்டார்.

அந்த அம்மா? என் கணவர் போட்டதில் எனக்கு ஒன்றும் தெரியாது, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான் என்று அப்போது சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். நான் அதைப் பொய் என்று சொல்ல வரவில்லை.

சில வருடம் கழித்து யாரோ வந்து, அவர் சென்னையில் எங்கோ ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறார், ரேஷன் அரிசி வாங்கிப் போனதைப் பார்த்தேன் என்று சொன்னார்கள். அக்கா உச்சுக்கொட்டினாள். "பாவம்டி, வாழ்ந்து கெட்டவங்க" என்றாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. அப்போ மாமா யாரு என்று கேட்டேன். அக்கா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அவரு எங்கடி வாழ்ந்தாரு, கெடுறதுக்கு?"

இந்தப் படத்தை நான் அக்காவோடுதான் பார்த்தேன். அவள் மகன் டிவியில் போட்டுக் கொடுத்தான். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாஸ்மின் குடித்துவிட்டு மாத்திரை போட்டுக்கொள்ளும் இடமெல்லாம் ஐயோ பாவம், ஐயோ பாவம்தான். நகைக் கடை வாசல் காட்சி வந்தது. டுவைட்டும் ஜாஸ்மினும் மோதிரம் வாங்கப் போகிறார்கள். தற்செயலாக ஆகீ அந்தப் பக்கம் வருகிறான். அவன் அடிக்கவில்லை, கத்தவில்லை. நடந்ததைச் சொல்கிறான், அவ்வளவுதான். உன் புருஷன் பண்ணினது, என் பணம், என் வாழ்க்கை, நீ வளர்த்த மகன் இப்போது எங்கே இருக்கிறான் என்பது. ஜாஸ்மின் டுவைட்டிடம் தன் கணவர் சர்ஜன், மாரடைப்பில் இறந்தார் என்று சொல்லிவைத்திருந்தாள், ஹாலின் மூத்த தாரத்து மகன் ஒருவன் இருப்பதையே சொல்லவில்லை. எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் உடைந்துவிடுகிறது. நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். அக்காவுக்குத் தேவைப்படவில்லை. "இவன் யாரு, நம்ம வீட்டு மாமா மாதிரியே நிக்கிறான்" என்றாள்.

உங்கள் கட்டுரையாளருக்கு இந்தக் காட்சி 'விதி துரத்தும் தருணம்'. விதி இல்லை சார், கடன்காரன்.

ஹால் என்ற பாத்திரத்தைப் பார்த்ததும் எல்லோரும் பெர்னி மேடாஃபைச் சொல்வார்கள். நீங்களும் ஒரு வரி சொல்லியிருந்தீர்கள். நியூயார்க் பங்குச்சந்தைப் புள்ளி, 2008 டிசம்பர் 11இல் கைதானவர், 150 வருடச் சிறை, 2021இல் சிறையிலேயே இறந்தார். புதிதாக வருகிறவனின் பணத்தை எடுத்துப் பழையவனுக்கு லாபம் என்று கொடுப்பது, அவ்வளவுதான் வித்தை. 1920இல் பாஸ்டனில் சார்லஸ் பான்சி பண்ணினதும் அதுதான், எங்கள் ரோஸ் மில்க் கம்பெனி பண்ணினதும் அதுதான். மேடாஃப் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய காகிதங்களில் இருந்த மொத்தத் தொகை சுமார் 6,500 கோடி டாலர். உண்மையில் ஆட்கள் போட்ட அசல் சுமார் 1,750 கோடி டாலர். மீதி எல்லாம் காகிதத்தில் மட்டுமே இருந்த பணம். நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பி நோபல் பரிசு வாங்கிய எலீ வீசலின் அறக்கட்டளைப் பணமும் அதில் போனது.

ஆனால் நிஜத்தில் மேடாஃபைக் காட்டிக் கொடுத்தது அவருடைய இரண்டு மகன்கள். மனைவி ரூத் கடைசி வரை தனக்குத் தெரியாது என்றுதான் சொன்னார். சுமார் 8 கோடி டாலர் சொத்தின் மேல் இருந்த உரிமையை விட்டுக்கொடுத்து, 25 லட்சம் டாலரோடு வெளியே வந்தார். அமெரிக்க அரசு அமைத்த இழப்பீட்டு நிதியிலிருந்து 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 400 கோடி டாலருக்கு மேல் போய்ச் சேர்ந்து, 2024 கடைசியில்தான் அந்தக் கணக்கு முடிந்தது. 16 வருடம். சான்றுள்ள இழப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்ப வந்துவிட்டது என்று படித்தபோது எனக்கு மாமாவின் மஞ்சப்பைதான் ஞாபகம் வந்தது. அவர்கள் ஊர் ஆகீக்களுக்காவது ஏதோ கிடைத்தது.

படத்தில் மட்டும் காட்டிக் கொடுப்பது மனைவி. இதைத்தான் உங்கள் கட்டுரை சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். கடைசி வரை ஒளித்து வைத்து அப்புறம் காட்டுகிறார்கள். ஹால் ஊரிலுள்ள பெண்களோடெல்லாம் சுற்றியவன், சிநேகிதிகளுக்கே தெரிந்த விஷயம், ஜிஞ்சரே ஒரு தடவை கண்ணால் பார்த்தவள். ஜாஸ்மினுக்குத் தெரியாது. அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை. ஜிஞ்சர் ஓரிடத்தில் சொல்வாள், அவளுக்கு ஒன்று பிடிக்காவிட்டால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள் என்று. கடைசியில் ஒரு சின்னப் பெண்ணுக்காக உன்னை விட்டுப் போகிறேன் என்று ஹால் சொன்ன அந்த நிமிடத்தில், ஆத்திரத்தில் போனை எடுத்து எஃப்பிஐக்குப் பேசுகிறாள். அப்படியானால் தெரிந்திருக்கிறது. எத்தனையோ வருடம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவளுக்கு, எந்த நம்பருக்குப் போன் பண்ண வேண்டும், என்ன சொன்னால் அவர்கள் வருவார்கள் என்பது அந்த நிமிடத்தில் தெரிகிறது.

ஆகீயின் பணம் போனபோது அந்தப் போனை அவள் எடுக்கவில்லை. தன் இடம் போனபோது எடுத்தாள். செருக்கு அழிந்த கதை என்று நீங்கள் தலைப்பு வைத்தீர்கள். செருக்கெல்லாம் அழியவே இல்லை, கடைசிக் காட்சியில்கூட டுவைட்டைக் கல்யாணம் பண்ணப் போகிறேன் என்று தங்கையிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டு வெளியே போகிறாள். தலை ஈரத்தோடு ஒரு பூங்கா பெஞ்சில் போய் உட்கார்ந்து தனக்குத் தானே பேச ஆரம்பிக்கிறாள். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து போய்விடுகிறாள். அதைப் பார்த்து நானும் அழுதேன், மறைக்கவில்லை. அழுதுகொண்டே எனக்குத் தோன்றியது, இப்போதும் இவள் ஹாலைச் சந்தித்த அன்று ஒலித்த பாட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாளே தவிர ஆகீயின் 2 லட்சத்தை இல்லை.

1947இல் வந்த, டென்னசி வில்லியம்ஸ் எழுதிய 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தோடு இதை ஒப்பிட்டிருந்தீர்கள், சரிதான், அதிலும் சொத்து போன அக்கா தங்கை வீட்டுக்கு வருகிறாள், பிளான்செட்டே 2009இல் சிட்னி மேடையில் அந்த வேடம் போட்டவர். ஆனால் அங்கே கரைந்தது பிறந்த வீட்டுச் சொத்து. இங்கே கரைந்தது தங்கையின் காசு. அந்தத் தங்கை வீட்டிலேயே, அந்தத் தங்கையின் பிள்ளைகள் படுக்கிற இடத்தைப் பிடுங்காத குறையாக வந்து உட்கார்ந்துகொண்டு, உனக்கு வாய்க்கிற ஆண்களே இப்படித்தான் என்று ஜாஸ்மின் உபதேசம் பண்ணுகிறாள். ஜிஞ்சர் மளிகைக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து அதையும் கேட்டுக்கொள்கிறாள். ஒரு தடவைகூட என் பணம் என்று அவள் வாயிலிருந்து வருவதில்லை. நல்லவள் என்பதாலா, கேட்டு என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டாளா, எனக்கு இன்னும் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டேன். அவள் ரெண்டும்தான் என்றாள்.

அந்தக் குங்குமச்சிமிழ் இன்னும் அக்கா வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிறது. ஆடி வெள்ளிக்கு எலுமிச்சம்பழத்தால் தேய்த்துப் பளபளவென்று வைப்பாள். தூக்கிப் போடச் சொல்லிப் பார்த்தேன், வெள்ளியை யாராவது தூக்கிப் போடுவாங்களா என்கிறாள்.

கடிதம் நீண்டுவிட்டது. இடத்துக்குத் தகுந்த மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள், ஆகீயை மட்டும் வெட்டாதீர்கள். கட்டுரையாளரிடம் ஒன்று சொல்லுங்கள். நாளைக்கு அந்தக் கட்டுரையைப் புத்தகத்தில் சேர்க்கும்போது, அந்த 'பார்க்கும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டாளே' என்பதை எடுத்துவிட்டு 'பார்த்தாள்' என்று போட்டால் போதும். வாக்கியம் ஒன்றும் கெட்டுப்போகாது, படித்துப் பார்த்துவிட்டேன். அவருக்கு எப்போதாவது பல் வலி வந்தால் தாராளமாக வரட்டும். காலை 10 முதல் 1 வரை, சாயங்காலம் 5 முதல் 8.30 வரை, ஞாயிறு கிடையாது. போன் பண்ணி நேரம் வாங்கிக்கொண்டு வருவது நல்லது, நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி